படுதா போர்த்திய கூரை

1

இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்த கூலி இரண்டு நாள் ஓசிச் சோறு. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் கரண்ட் இல்லாத ஒரு வீட்டைச் சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார் பிரேம் என்கிற கோயம்புத்தூர் இளைஞர். "வந்து தங்குங்க, நாலு வரி நல்லதா எழுதுங்க" என்றார். போனேன். நாலு வரியில் முடியவில்லை. நல்லதாகவும் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: மேகம் தவழும் மலையில், மின்விளக்கின் வெளிச்சம் படாத ஒரு

(நிறுத்திவிட்டேன். போர்வெல் வண்டியில் பைப் தூக்கி வளர்ந்தவன் நான். மேகத்தைப் பார்த்தால், மழைக்கு முன்னால் வேலை முடியுமா என்றுதான் தோன்றும்.)

இரண்டாம் தொடக்கம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சொந்தக்காரி அம்சவேணி ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, சோலார் தகட்டின்மேல் படுதாவை இழுத்துப் போர்த்தினாள்.

இது இருக்கட்டும்.

3

அது பிரேமின் ஏற்பாடு. காசு கொடுத்து இருட்டைத் தேடி வருகிறவர்களின் போட்டோவில் தகடு விழக்கூடாது. வீட்டில் இருக்கிற ஒரே பல்பையும் கழற்றி உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிடுவாள் அம்சவேணி. பேட்டரி பழசு, அன்றைய வெயில் அன்றைய பொழுதுக்குத்தான் காணும். அதனால் அந்த நாட்களில் மகள் ரஞ்சிதா, விருந்தாளிகள் எரித்து மிச்சம் வைத்த மெழுகுவத்தித் துண்டில் படிக்கிறாள். பிளஸ் டூ. அடுத்த வருடம் நர்சிங் சேர வேண்டும்.

சேர்க்கப் பணம் இந்த விருந்தாளிகளிடமிருந்துதான் வர வேண்டும். மரவள்ளிக் கிழங்கு விற்ற காசு லாரி வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை. புருஷன் சென்றாயனுக்குப் போன வருடம் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது.*

* முதலில் சென்றாயனைக் குடிகாரனாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபம். ஆனால் அந்த ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விருந்தாளிகளுக்காக மூன்று கிலோ சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

4

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது வெள்ளிக்கிழமை மத்தியானமே லைன்மேன் கையில் வந்திருந்தது. ஒற்றைக் காகிதம்.

"மூணு கம்பம்க்கா. உங்க மெளகுத் தோட்டத்து ஓரமாத்தான் வரும். நெலம் உங்க பேர்ல இருக்கறதால நீங்கதான் கையெழுத்துப் போடோணும். திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள. இல்லீன்னா கம்பத்த வேற ஊருக்கு எறக்கிருவாங்க."

ஒன்பது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கரண்ட் கம்பம்.

சனிக்கிழமை காலை அடுப்படியில் பிரேம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"அக்கா, கம்பம் வந்துச்சுன்னா ஆளு வராதுக்கா. கரண்ட் இருக்கற ஊடு செம்மேடு டவுன்லயே வேணுங்கறது கெடக்குது."

"உங்க ஊட்டுல கரண்ட் இருக்குதுங்களா தம்பி?" என்றாள் அம்சவேணி, களியைக் கிண்டிக்கொண்டே.

பிரேம் சிரித்தார்.

சென்றாயன் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஒரு வருசம் போவட்டும் புள்ள. இவ சேர்ற வரைக்கும்."

"சேர்றதுக்கு மொதல்ல பாஸாவோணுமில்லப்பா," என்றாள் ரஞ்சிதா. "திங்கக்கெழம கெமிஸ்ட்ரி டெஸ்ட்டு. மெழுகுவத்தில எழுத்தே தெரிய மாட்டேங்குது."

"பகல்ல படி."

"பகல்ல பாத்தரம் யாரு கழுவறது?"

அம்சவேணி காகிதத்தை வாங்கிச் சாமைப் பானைக்கு அடியில் செருகினாள். "விருந்தாளிங்க இருக்கறப்ப ஊட்டுக் கத வேண்டாம். அவங்க போவட்டும்."

வெளியே ஒரு விருந்தாளிப் பெண் கேட்டாள்: "எப்படிக்கா ஃபோனே பாக்காம இவ்ளோ நிம்மதியா இருக்கீங்க?"

"சார்ஜ் இல்லீங்க கண்ணு. அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

5

முடிவுகள்:

(அ) கையெழுத்துப் போடுகிறாள். பல்பு எரிகிறது. ரஞ்சிதா முகத்தில் வெளிச்ச (வேண்டாம். அடுத்த சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். அந்தச் சனிக்கிழமையை எழுதாமல் பல்போடு நிறுத்துவது ஏமாற்று வேலை.)

(ஆ) போடவில்லை. மெழுகுவத்தியில் படித்தே பெண் பாஸாகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். கண்ணெரிச்சலோடு அவள் கழுவிய பாத்திரத்தில் சாப்பிட்டவன் நான். அந்தக் கைதட்டலை வாங்க என்னால் முடியாது.

(இ) எங்கிருந்தோ ஒரு நல்லவர் வந்து பணம்

இல்லை. யாரும் வருவதில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவளிடமே கேட்டேன். "முடிவு என்னன்னு எழுதட்டுங்க?"

"நீங்க எப்பங்க கெளம்பறீங்க?" என்றாள்.

பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை; கூரையைப் பார்த்தாள், பிறகு வெயிலை. நாலு மணிக்கு வெயில் மேற்கே சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்குள் தகட்டைத் திறந்தால், பேட்டரியில் இரண்டு மணி நேர வெளிச்சமாவது ஏறும். மறுநாள் கெமிஸ்ட்ரி.

பையை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிவிட்டேன். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

அந்த வீட்டில் இன்னும் மிச்சமிருக்கிற விருந்தாளி, இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். முடிவு என்ன என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆள் இருக்கும்போது அவள் பானைக்கு அடியில் கை விட்டு அந்தக் காகிதத்தை எடுக்கமாட்டாள். படுதாவையும் எடுக்கமாட்டாள். ஏணி சுவரோரம் சாய்ந்தபடியே இருக்கிறது. ரஞ்சிதா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

வெயில் இன்னும் மரத்துக்கு மேலேதான் இருக்கிறது. கிளம்புங்கள்.