அண்ணன் தைத்த கோட்டு

டைல்ஸ் வியாபாரியின் ஒரே மகளைக் கட்டிய நாளிலிருந்து அவன் எல்லோருக்கும் மாப்பிள்ளை. கடைக் கணக்கருக்கும் மாப்பிள்ளை, லாரி ஓட்டுபவருக்கும் மாப்பிள்ளை. தம்பி என்று உரிமையோடு கூப்பிட மிச்சமிருந்தவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்த அவனுடைய அண்ணன் மட்டும்தான்.

புதிய ஷோரூம் திறப்பு விழாவில் அவனைக் கூட்டாளியாக அறிவிப்பது என்று மாமனார் முடிவு செய்தார். "அன்னைக்கு நீங்க கோட்டு சூட்டுல இருக்கணும் மாப்பிள்ளை. நம்ம டெய்லர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சொல்லும்போதே அந்தக் காரியம் பாதி முடிந்திருக்கும். தம்பி சரி என்றான்.

அதே வாரம் அழைப்பிதழ் கொடுக்க அண்ணன் கடைக்குப் போனான். அண்ணன் அதைப் படித்துவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவினார். பள்ளிச் சீருடையிலிருந்து கல்யாணச் சட்டைவரை அவனுக்கு அவர்தான் தைத்திருக்கிறார். சட்டைக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அவர் கோட்டு தைத்து அவன் பார்த்ததே இல்லை.

"கோட்டு வேற மாதிரியாச்சேண்ணா" என்று இழுத்தான். உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, விஷயம் காதில் விழுந்ததுமே உங்கள் அண்ணன் துணி எடுத்துவிட்டார் என்று சிரித்தாள். அளவு எடுக்கக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

யாரிடம் தைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவன் அவன். ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், இரண்டு இடத்திலும் அளவு கொடுத்துவிட்டு வந்தான்.

மாமனாரின் டெய்லர் கடையில் மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் மட்டும் போட்ட, பாதி முடிந்த கோட்டை மாட்டிவிட்டு, அங்கங்கே குண்டூசி குத்தினார் டெய்லர். கை நீளம் போதுமா என்று மாமனாரைக் கேட்டார். பொத்தான் இரண்டா மூன்றா என்பதையும் மாமனாரைத்தான் கேட்டார். அசைந்தால் ஊசி குத்தும். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கோட்டு உடம்போடு பிறந்தது போல உட்கார்ந்தது.

அண்ணன் கடையில் எல்லாவற்றையும் அவனிடமே கேட்டார்கள். கோட்டுதான் படியவில்லை. தோள் தூக்கிக்கொண்டது, முதுகில் சுருக்கம் விழுந்தது, அக்குள் இறுக்கியது. அண்ணன் பிரித்தார், தைத்தார், மறுபடி பிரித்தார்.

"பிடிச்சிருக்காடா? உள்ளதைச் சொல்லு."

"நல்லாயிருக்குண்ணா."

அப்படிச் சொன்னால் அவர் முகம் மலரும் என்று பார்த்தான். மலரவில்லை. பெருமூச்சு விட்டபடி மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

இரண்டு கோட்டும் பீரோவில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைக் கண்டபிறகுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. யாராவது ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். யாரிடம் என்று கேட்டான். அப்பாவிடம் அவளே ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

விழா நாள் காலையில் அவன் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பஸ் ஏறிவிட்டோம் என்றார் அண்ணன். அவன் அண்ணன் தைத்த கோட்டை எடுத்து மாட்டினான். மனைவி மற்றதை உறையில் போட்டுக் காரின் பின் சீட்டில் வைத்தாள்.

ஷோரூம் வாசலில் மாமனார் அவனைத் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தடவை பார்த்தார். எங்கே தைத்தது என்று கேட்டார். அண்ணன் என்றான். "ஓ" என்றதோடு வந்தவர்களை வரவேற்கத் திரும்பிக்கொண்டார். தம்பிக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

ரிப்பன் வெட்டக் கையை நீட்டியபோது கோட்டு மொத்தமும் காதுவரை ஏறியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு எப்படியோ வெட்டி முடித்தான். கைதட்டல் அடங்குவதற்குள், கடைசி வரிசையிலிருந்த அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னாலிருந்த குடோனுக்கு இழுத்துப் போனார்.

டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று கோட்டைக் கழற்றப் பார்த்தார்கள். வேர்வையில் லைனிங் ஒட்டிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே இறங்க மறுத்தது. கட்டிப்போட்டது போல இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டன. அண்ணன் சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்து முதுகுத் தையல் வழியே அறுக்க ஆரம்பித்தார்.

"ஏன்டா இதைப் போட்டுட்டு வந்தே?"

"நீங்க தச்சதாச்சே."

"அதுக்குத்தானேடா தடவைக்குத் தடவை உள்ளதைச் சொல்லுன்னு கேட்டேன். நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேன். எனக்குக் கோட்டு வராது. நான் தைக்கலன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் துணியே எடுத்தேன்."

கோட்டு இரண்டாகப் பிரிந்து கீழே விழுந்தது.

மனைவி உறையோடு உள்ளே வந்தாள். அண்ணன் அந்தக் கோட்டை வாங்கி, உள்பக்கம் புரட்டிப் பார்த்து, தோளைக் கட்டைவிரலால் அழுத்தினார். "நல்ல கை" என்றார். பிறகு அவரே அதைப் பிடித்துக்கொண்டு, மாட்டிக்கொள்ளச் சொன்னார். தம்பி நகரவில்லை.

"அண்ணா, நான் உங்ககூடவே கிளம்பி வந்துடட்டுமா?"

அன்று ஒரு நாளைக்கு மட்டும் அவன் கேட்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அவன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மைக்கில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள்.

"போடா. கூப்பிடுறாங்க" என்றார் அண்ணன்.

போனான். டெய்லர் தைத்த கோட்டு எங்கேயும் இறுக்கவில்லை. மாமனார் அவன் கையைப் பிடித்து உயரத் தூக்கி, இனி இவர் பாதி நான் பாதி என்றார். சிரித்துக்கொண்டு நின்றவன், அண்ணனும் அண்ணியும் ஒரு துணிப்பையோடு வாசலைத் தாண்டுவதைப் பார்த்தான். மேடையிலிருந்து இறங்க வழியில்லை.

அதற்குப் பிறகு மாமனாரின் டெய்லர் அவனுக்கு எத்தனையோ கோட்டுகள் தைத்துவிட்டார். சட்டைக்கு மட்டும் இன்றும் அண்ணனிடம்தான் போகிறான். டேப்பைப் பிடித்தபடி அண்ணன் ஊர்க்கதையெல்லாம் பேசுவார். குடோனில் தம்பி கேட்டதைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அவனும் மறுபடி கேட்டதில்லை.