மிச்சக் கோப்பை

கார் ஷெட்டின் நடுவே இரண்டு முக்காலிகளின் மேல் படகு கவிழ்ந்து கிடந்தது. படகு என்று அண்ணன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போதைக்கு அது வெள்ளை ஃபோமைச் செதுக்கி எடுத்த வடிவம், அவ்வளவே. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து, இறுக விட வேண்டும்.

தரையில் இரண்டு ஹார்டனர் டப்பாக்கள். ஒன்றைக் கலந்தால் ரெசின் பொழுது சாய்வதற்குள் இறுகிவிடும். இன்னொன்று நாளை மாலை வரை இழுக்கும். அதற்கு அண்ணன் 'கிழவன்' என்று பெயர் வைத்திருந்தான். நாளை காலை அவனுக்கு ரயில். அப்புறம் கப்பல் வேலை. எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது.

"வேகமானதே போடு, விஞ்ஞானி. விடிஞ்சதும் தண்ணியில இறக்கி ஒரு சுத்து போயிட்டு ரயில் ஏறிடுறேன்."

தங்கை தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வெயில்லயா? பாதித் துணி நனையறதுக்குள்ள மீதி ரெசின் கல்லாயிடும். மறந்துட்டியா?"

மறக்கிற விஷயமா? பள்ளிக்கூட நாட்களில் சின்னதாக ஒன்று செய்தார்கள். அவசரக்குடுக்கை அண்ணன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துவிட்டான். வாளி கொதித்துப் புகைந்தது. பதறிப்போய்ப் படகின்மேலேயே கொட்டினான். ஃபோம் உருகி, நட்டநடுவில் ஓட்டை. அம்மா குடத்தோடு ஓடிவந்தாள். அப்பா ஓட்டைக்குள் தலையை விட்டு, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அப்பா கேட்டாரே ஒரு கேள்வி," என்றான் அண்ணன். இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

அவனை அதில் உட்காரவைத்துப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். கை வேகமான டப்பாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"அண்ணா, ஒரு தடவ போறதுக்கா இவ்ளோ செதுக்கினோம்?"

 அவன் மற்ற டப்பாவைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "கிழவனையே எடு."

அன்று பகல் முழுவதும் அவசரமே இல்லை. துணிக்கடியில் சிக்கிய காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, பழைய வீட்டு மொட்டைமாடி முதல் கணக்கு வாத்தியார் வரை பேசித் தீர்த்தார்கள். கடைசியில் கோப்பையில் கொஞ்சம் ரெசின் மிஞ்சியது. படகைத் தொடக்கூடாது, மிச்சத்தில் நகத்தை வைத்துத்தான் பதம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சின்ன வயதில் போட்டுக்கொண்ட சட்டம். காலையில் கிளம்பும்போது அண்ணன் அந்தக் கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் ரயிலிலிருந்து போன் வந்தது.

"விஞ்ஞானி! நகம் பதியல. ஆயிடுச்சு!"

அவள் ஷெட்டுக்குப் போனாள். சட்டத்தை மீறி, படகின் விளிம்பில் ஒரு விரலை வைத்தாள். இலேசாகப் பிடித்து இழுத்தது.

"கோப்பையில குவிஞ்சு கெடக்கறது சூடேறி எப்பவும் முந்திக்கும்ணா, உன்ன மாதிரியே. இங்க இன்னும் ஒட்டுது."

மறுமுனையில் சிரிப்பு. பிறகு ரயில் சத்தம் மட்டும். அவள் போனை வைக்கவில்லை.