குண்டூசிக் காவல்காரி

...காப்பிதான், சந்தேகமே இல்லை, தாடி வைத்த மந்திரவாதி காப்பி, பாறைக்குள் செருகிய வாள் காப்பி, அநாதைப் பையன் கடைசியில் இளவரசன் என்று தெரியவருவது காப்பியிலும் காப்பி, அந்த டிராகன் இருக்கிறதே, இப்போது வருகிற எந்த மாயாஜால நாவலை எடுத்தாலும் அட்டையிலிருந்து எட்டிப் பார்க்கிற அதே டிராகன், சிறகு மட்டும் பச்சை... மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே தங்கையின் கதையைப் படித்தபோது, ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்குச் சாப்பாடு ருசித்தது. பள்ளிக்கூடத்தில் கதைப் போட்டியாம், நாளைக் காலையில் கொடுக்க வேண்டுமாம், "அக்கா, சொந்தமா இருக்கா, காப்பி மாதிரி இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு, நீ காப்பின்னு சொன்னா குடுக்கவே மாட்டேன்" என்று காலையில் தாள்களை என் பைக்குள் திணித்துவிட்டு ஓடினாள். பள்ளி விட்டதும் நேராக இந்தத் தையல் கடைக்குத்தான் வருவாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன நம்பிக்கை பார், என்மேல்.

கையில் தபால்காரரின் சட்டை, நான் தைத்ததை நானே பிரித்துக்கொண்டிருக்கிறேன், நூல் நூலாக. அளவுக்கு அவர் கொடுத்த பழைய சட்டையில் இடது தோள் இறங்கியிருந்தது, அதைப் பார்த்து மாஸ்டரும் அப்படியே வெட்டி வைத்திருந்தார், நான்தான் பழைய துணி தொய்ந்திருக்கும், மாஸ்டருக்கும் கண் தப்பியிருக்கும் என்று பெரிய புத்திசாலியாக இரண்டு தோளையும் சமமாக்கித் தைத்துவிட்டேன். பை தொங்கித் தொங்கி அந்த மனிதரின் தோளே அப்படித்தானாம். போட்டுப் பார்த்தபோது காலர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. "சட்டைய நிமித்திட்டே, சரி, இப்ப இவரையும் இழுத்துப் பிடிச்சு நிமித்திடலாமா?" என்றார் மாஸ்டர், கடையே சிரித்தது, தபால்காரரும் சிரித்தார், "பரவால்ல விடுங்க, பொண்ணு என்னை அழகாக்கப் பாத்திருக்கு" என்றார். நான் நாலு குண்டூசியை எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

அது என் வழக்கம். வாயில் ஊசி இருந்தால் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள், பாவம் வேலையாக இருக்கிறாள் என்று போய்விடுவார்கள். இந்த வித்தை அப்போதே தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தையும் விட்டிருக்க மாட்டேனோ என்னவோ... எழுந்து நின்று பாடம் வாசி என்பார்கள், குரல் வராது, பின்னால் களுக் களுக்கென்று சிரிப்பு, ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. ஊசி விஷயம் யாருக்கும் தெரியாது என்றுதான் இன்று மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன். பச்சை டிராகனைத் தாண்டியதும் கோட்டை வாசலில் ஒரு காவல்காரி வருகிறாள், வாய் நிறைய குண்டூசி, யார் வழி கேட்டாலும் வாயைக் காட்டித் தலையசைப்பாள், 'அவள் பேசத் தெரியாதவள் அல்ல, பேசினால் இத்தனை நாள் பேசாததெல்லாம் வெளியே வந்துவிடும், கோட்டைக்குள் அதற்கு இடம் போதாது' என்று எழுதியிருக்கிறாள், எட்டாவது படிக்கிற கழுதை. அதோடு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எப்போது பார்த்தாள்? கடைக்கு வந்தால் மிட்டாய் தின்றுகொண்டு துண்டுத் துணிகளைப் பொறுக்குவாள், அவ்வளவுதானே... நான் நாலு வருடமாக, யாருக்கும் காட்டாமல், கட்டிலுக்கடியில் நோட்டு நோட்டாக எழுதிக் குவித்திருக்கிறேன், மூன்று ராஜ்ஜியம், பேசும் ஓநாய், பக்கத்துக்குப் பக்கம் பனி. பனியை நான் பார்த்ததே இல்லை, ஃப்ரிட்ஜில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன். யாரோ பார்த்த பனி, யாரோ வளர்த்த ஓநாய். எங்காவது ஏதாவது கோணலாக இருந்தால் அதையும் நிமிர்த்தித்தான் வைத்திருப்பேன், நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. இவளோ இரண்டே நாளில், படுத்துக்கொண்டு காலை ஆட்டி ஆட்டி எழுதி, நடுவில் என் வாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அந்த ஒரு பக்கம் போதும், இவள் ஜெயித்துவிடுவாள். அதுதான் எரிகிறது. திருடி என்று சொல்லலாமா, என்ன திருடினாள், நான் எழுதாததைத்தானே...

"அக்கா!" வந்துவிட்டாள், தோளில் பையோடு, மூச்சிரைக்க. என் கை தானாகவே ஊசிகளை எடுத்து வாயில் வைத்தது. "படிச்சியா? டிராகன் சூப்பர்ல? ஆனா அக்கா, அந்தக் காவல்காரிதான் ஒரு மாதிரி இருக்கா, நான் படிச்ச எந்தப் புக்லயும் அப்படி ஆளே வர மாட்டாங்க. எடுத்துடட்டுமா?"

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். யார்மேலும் பழி வராது, அவளே கேட்டது, அவளே எடுத்தது. மாஸ்டர் கத்தரியோடு வேறு பக்கம் திரும்பியிருந்தார். அவள் என் வாயைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, போகவுமில்லை, நின்றாள். எல்லாரும் போய்விடுவார்கள், இவள் ஏன் நிற்கிறாள்... நாலு ஊசியையும் எடுத்துத் தபால்காரர் சட்டையின் தோளில் குத்தி வைத்தேன்.

"அவ இருக்கட்டும்" என்றேன், குரல் கரகரத்தது. "டிராகன வேணா எடுத்துடு."

"ஐயோ, டிராகன் இல்லாமலா! போக்கா, உனக்கு ஒண்ணும் தெரியல" என்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே விட்டாள்.

எரிச்சல் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. இடது தோளை இறக்கி, கோணலாகவே பிடித்துத் தைக்கத் தொடங்கினேன்... இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பனியையெல்லாம் அடித்துவிட்டு, வாயில் ஊசியோடு ஒருத்தியை எழுத வேண்டும், என் வாய், என் ஊசி, ஆனால் இனிமேல் அதை நான் எழுதினால், காப்பியடித்தவள் நான்தானே?