கேட்டுக் கட்டிய துணி

மனப்பாரத்தை இறக்கி வைக்க அயர்லாந்துக் கிராமங்களில் மரத்தில் துணி கட்டுவார்கள் என்று ஜெனவியேவ் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தில் துணி கட்டுவதை எனக்குச் சொல்லித் தர ஒரு வெள்ளைக்காரி வேண்டியிருக்கிறது. நான் மன்னார்க்காரி. எங்கள் பக்கம் வேதக்காரரும் சைவக்காரரும் எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொள்வார்கள். மரத்தில் துணி கட்டும்போது மட்டும் யாரும் யாரையும் என்ன சமயம் என்று கேட்பதில்லை.

ஜெனவியேவ் பத்து வருடம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்து கேலிக் மொழியும், அந்த மக்கள் வசந்தத்தை வரவேற்கும் முறைகளும் படித்துவிட்டு வந்தவள். இங்கே பிரான்ஸில், லா சப்பலில், கார் து நோர் ஸ்டேஷனுக்குப் போகும் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சின்னத் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுத்தாள். 'கடினமான உணர்வுகளைச் சமப்படுத்தும் வசந்தகாலத் தியானம்' என்று வாசல் படலையில் எழுதியிருந்தது. எனக்கு இருந்தது கடினமான உணர்வு அல்ல, கோபம். அதை அப்படியே எழுதினால் ஆட்கள் வரமாட்டார்கள் போல.

நானாக வரவில்லை, அனுப்பினார்கள். சென் தெனியில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குத் துப்புரவு வேலை. மாசி தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, மேல்மாடிக் கிழவர் ஒருவர் இறந்துபோனார். கீழ்மாடியில் இருந்த அவருடைய தங்கைக்குத் திங்கட்கிழமை வரை சொல்ல வேண்டாம், சனி ஞாயிறு டாக்டர் இல்லை என்று பொறுப்பாளர் சொன்னார். நான் கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, பாதிக்கு மேல் தமிழ். அவர்கள் வேலையை விட்டு நிறுத்தாமல் இந்த வகுப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான்.

நான் ஏன் கத்தினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. என் அண்ணன் கிரிகோரி போன வருடம் பங்குனியில் மன்னாரில் இறந்தார். அதை என்னிடம் மறைத்தார்கள். மறைத்தவள் என் தங்கை பேர்ளி, கார்ஜ் லே கொனெஸில் இருப்பவள். பதினான்கு மாதம் காத்திருந்த பிறகு என் வதிவிடக் கார்த்தைப் புதுப்பிக்கப் பிறெபெக்தூர் அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு றொந்தேவு, அதுதான் நேரக்குறிப்பு, கிடைத்திருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் என்று தெரிந்தால் நான் விழுந்து படுத்துவிடுவேன், றொந்தேவு போனால் வேலையும் போகும், ஆகவே செவ்வாய் முடியட்டும் என்று அவளாக முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் மன்னாருக்குப் போன் எடுத்தபோது அண்ணிகூட, அவர் கடற்கரை மீன்வாடிக்குப் போய்விட்டார் என்றாள். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. கர்ப்பிணிக்குச் சொல்லாதே, சோதனை எழுதும் பிள்ளைக்குச் சொல்லாதே, விசாப் பப்பியே இல்லாதவனுக்குச் சொல்லவே சொல்லாதே. எல்லாம் அன்பினால்தான்.

அன்று பிறெபெக்தூரில் அலுவல் முடிந்த சந்தோஷத்தில் முருங்கைக்காய் வாங்க லா சப்பலுக்கு வந்தேன். ஐங்கரன் கடைக் கண்ணாடியில் அண்ணனின் படம் ஒட்டியிருந்தது. மரண அறிவித்தல். 'மரியகொறற்றி (பிரான்ஸ்), பேர்ளி (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு சகோதரரும்' என்று இருந்தது. நான் அழுவதற்கு முன்பே அழுகிறவர்களின் வரிசையில் என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். நல்லடக்கம் அன்று மாலை நான்கு மணி. அங்கே நான்கு என்றால் இங்கே பதினொன்றரை. பதினொன்றரைக்கு நான் பிறெபெக்தூரில் வரிசை இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒரு வருடம் பேர்ளியோடு பேச்சில்லை. அவள் போன் எடுப்பாள், நான் வெட்டிவிடுவேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அண்ணன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மூன்று நாளில் என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் என்னால் தாங்க முடியாது. கேட்டார் என்றாலும் தாங்க முடியாது. வீடியோவில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் பேர்ளி. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் வருவோம். கேலிக் மக்களுக்கு பெப்ரவரி முதலாந்தேதியே வசந்தம் தொடங்கிவிடும் என்று ஜெனவியேவ் முதல் நாளில் சொன்னாள். வெளியே குளிர் விறைக்கும், ஒரு தளிர் இருக்காது, ஆனாலும் மண்ணுக்குள் அசைவு தொடங்கிவிட்டது என்று அவர்கள் நம்புவார்களாம். அந்த நாள் புனித பிரிஜித்தம்மாளின் திருநாள். புனிதர் ஒருவரின் பெயர் நடுவில் வந்ததால் இது பாவமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பயிற்சி இதுதான். கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். இடது உள்ளங்கையில் உன் துயரம் இருப்பதாக நினைத்துக்கொள். வலது உள்ளங்கையில் அந்தக் கிழமை தோட்டத்தில் கண்ட ஏதாவது ஒன்றை வைத்துக்கொள், ஒரு மொட்டோ இலையோ. இரண்டையும் எறியாதே. இரண்டின் பாரமும் ஒன்றாகும்வரை மெதுவாக மூச்சு விடு. என் இடது கைதான் எப்போதும் இறங்கியது. பக்கத்தில் ரயில் போகும்போது மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நாலாவது சனிக்கிழமை முள்மரம் ஒன்று இலை வருவதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் ஒரு தேனீ. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நான் கோபமாக இருந்ததை மறந்துபோனேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது, அது நன்றாக இருந்தது.

ஆறாவது சனிக்கிழமை, பகலும் இரவும் சமமாக வரும் நாளுக்கு அடுத்த நாள், துணி கட்டும் வேலை வந்தது. நான் வேலைச் சட்டையின் பழைய துண்டொன்றைக் கொண்டு போயிருந்தேன். ஜெனவியேவ் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது பொலியெஸ்தர், நீ செத்த பிறகும் உக்காது, பருத்தி வேண்டும் என்றாள். என் கைக்குட்டையைக் கிழித்தேன்.

துணியை நனைத்து, நோகிற இடத்தில் வைத்து எடுத்து, மரத்தில் கட்டிவிட வேண்டும். துணி உக்க உக்க நோவும் உக்கிப்போகும்.

"ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள், கொறற்றி," என்றாள். "எதையும் கேட்காதே. இது கேட்கும் மரமல்ல, விட்டுவிட்டுப் போகும் மரம்."

தலையை ஆட்டினேன். துணியை நெஞ்சில் வைத்தேன், கிளையில் சுற்றினேன். முடிச்சை இறுக்கியதும் வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது. அண்ணை என்னைக் கேட்டவரோ எண்டு எனக்குத் தெரியவேணும், ஆண்டவரே. ஐம்பது வருடப் பழக்கம். மரத்தில் துணி கட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போக எங்களுக்கு யார் பழக்கினார்கள்?

"எதை விட்டாய்?" என்று ஜெனவியேவ் கேட்டாள்.

"கோபத்தை," என்றேன்.

நேர்த்திக்கடன் வைத்தவள் தன் பங்கைச் செய்ய வேண்டும். நேரே கார் து நோருக்கு நடந்து ரயில் ஏறினேன். கார்ஜில் இறங்கி, பேர்ளியின் வீட்டு மணியை அடிக்கும்போது மத்தியானம் இரண்டு மணி. கதவைத் திறந்தவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நான் சண்டைக்கு வரேல்லை," என்றேன்.

"தெரியுது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டெல்லோ நிக்கிறாய். உள்ளுக்கு வா அக்கா."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எதிரே இருந்தாள். மெலிந்திருந்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவத்தின்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

"நீ செய்ததை நான் விட்டிட்டன், பேர்ளி."

"நான் செய்தது பிழை எண்டு நான் இப்பவும் நினைக்கேல்லை அக்கா. உனக்குக் கார்த் கிடைச்சதெல்லோ."

பழைய கொறற்றி என்றால் அந்தக் கோப்பை சுவரில் போயிருக்கும். நான் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்து மூச்சை இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். ஆறு சனிக்கிழமையும் வீண்போகவில்லை. நெஞ்சு அடங்கியது. என் குரல் எனக்கே அந்நியமாக, அவ்வளவு மெதுவாக வந்தது.

"அண்ணை என்னைக் கேட்டவரோ?"

பேர்ளி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான் அழவில்லை, பல்லைக் கடிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் சொல்லப் பயந்தனான்," என்றாள். "நீ இப்ப நல்லா அமைதியாயிட்டாய். அதாலை சொல்லுறன். கேட்டவர். திங்கட்கிழமை காலைமை, கொறற்றியோடை ஒருக்காக் கதைக்கவேணும் எண்டார். நீ வேலையிலை நிக்கிறாய், உள்ளுக்குப் போன் கொண்டுபோக விடமாட்டினம் எண்டு சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"அப்ப வேலை முடிய எடுக்கச் சொல்லு, நான் முழிச்சிருக்கிறன் எண்டார். அண்ணி போனைத் தலையணைக்குப் பக்கத்திலை வச்சவா. ஊசி போட்டும் நித்திரை கொள்ளேல்லையாம். அவளுக்கு இன்னும் வேலை முடியேல்லையோ எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டவராம். பின்னேரம் போயிட்டார்."

கேட்டது கிடைத்துவிட்டது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், அது உள்ளே போகவில்லை. றொந்தேவுக்கு ஆயத்தம் செய்ய அந்தத் திங்கட்கிழமை நான் லீவு எடுத்திருந்தேன். பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அண்டைக்கு எனக்கு வேலையில்லை, பேர்ளி."

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியும் அக்கா. அவரோடை கதைச்சுப் போனை வச்ச கையோடை, நீதானே எனக்கு எடுத்து நாளைக்கு என்ன சட்டை போடுறது எண்டு கேட்டனி."