கேரியரில் லெஃப்ட் அவுட்

...நடுக்கம் சைக்கிளுக்கும் வந்துவிட்டது, கேரியரில் உட்கார்ந்திருக்கிற சின்னதுரை சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்திருக்கிறான், அந்தக் கை ஆடுவது ஹேண்டில்பார் வரைக்கும் தெரிகிறது, ரோடுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இது போன மாசம் போட்ட தார், சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை இப்படி ஒரு ரோடு இருந்ததே இல்லை, நல்ல ரோடு போட்டதும் அதன்மேல் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல், பஸ் கிடையாது, லாரி கிடையாது, ஒவ்வொரு புளியமரமாகக் குறுக்கே விழுந்து கிடக்கிறது, எங்கள் சாதிப் பையன்கள்தான், கேட்பது நியாயம்தான், நானும் சங்கத்துக்குச் சந்தா கட்டியவன், ஆனால் இன்றைக்கா? இன்று பன்னிரண்டு மணிக்குள் வந்தால் குடியை நிறுத்துகிற வைத்தியத்துக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருக்கிறார், நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, எப்படி நடுங்கினாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள், குடித்துவிட்டு மட்டும் வரக்கூடாது, போன தடவை குடித்துவிட்டு வந்ததால்தான் திருப்பி அனுப்பினேன், இன்னொரு தடவை ரத்தமாக வாந்தி எடுத்தால் என் கையில் இல்லை என்றும் சொன்னார். அதை நான் சின்னதுரையிடம் சொல்லவில்லை. அவன் மனைவி மலர்விழியிடம் சொன்னேன், அவள் அழவில்லை, நேற்று ராத்திரியிலிருந்து அவனை வாசலைத் தாண்ட விடவில்லை, காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவனைப்போல அனுப்பிவைத்தாள்.

"சார், எறங்கட்டுமா? மரம் வருது."

இறங்கினான். பின்சக்கரத்தை அவன் தூக்க, முன்சக்கரத்தை நான் தூக்க, கிளைகளுக்கு நடுவில் சைக்கிளைக் கடத்தினோம், ஏழாவது மரமோ எட்டாவதோ. முப்பத்திரண்டு வயதுக் காலா இது, முட்டிக்குக் கீழே குச்சி மாதிரி... இந்தக் கால்தானா பெண்ணை ஆற்று மணலில் மணலூர்பேட்டைக்காரர்கள் மூன்று பேரைத் தாண்டிப் போய் கோல் அடித்தது? அன்றைக்கு நான் கோட்டுக்கு வெளியில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன், ஃபுட்பால் கிளப் செக்ரட்டரி கத்தக்கூடாது என்று ரெஃபரி வந்து சொல்லும்வரை கத்தினேன். இப்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு நாற்பத்தாறு, கூட்டுறவுச் சங்கத்தில் நாற்காலியைத் தேய்க்கிறவன், எனக்கு வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரி செலவுக்கு கெளப்புல எல்லாரும் ஒத்துக்கினாங்களா சார்?" என்று கேரியரில் ஏறிக்கொண்டே கேட்டான். காலையிலிருந்து மூன்றாவது முறை. ஒத்துக்கொண்டார்கள் என்றேன், மூன்றாவது முறை. கிளப் அனுப்பியது என்று சொன்னால்தான் கிளம்புவான் என்று நினைத்தேன், வேறு எப்படிச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை ராமசாமியின் ரைஸ் மில்லில் கமிட்டி கூடியபோது நடந்ததையா சொல்வது? ராமசாமி எங்கள் தலைவர், கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, பந்து கிழிந்தால் அன்றே புதுப்பந்து வாங்கித் தருவார், அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார், "ஆடினான், கை தட்டினோம், அதோட சரி. கெளப்பு இன்னா ஆஸ்பத்திரியா? குடிக்கச் சொல்லி நாமளா வாயில ஊத்தினோம்? இவனுக்குச் செஞ்சா நாளைக்கு பத்து பேரு வந்து நிப்பான்." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன், 'இது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன், பேனா நின்றுவிட்டது... பத்து பேர் என்று எப்படிச் சொன்னார்? குடியில் விழுந்த எங்கள் ஆட்டக்காரர்களை எண்ணிப் பார்த்தால் பத்து வராது, ஆறு ஏழு வரும், கோல்கீப்பர் மாயவன் போன வருஷம் வயிறு வீங்கிச் செத்துப்போனான், அவன் வந்து நிற்க மாட்டான். ஆனால் வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று ராமசாமிக்குத் தெரிந்திருக்கிறதே, அது போதாதா? எல்லாருக்கும்தான் தெரியும்.

வாயில் நாமா ஊற்றினோம்? ஆமாம், நாம்தான் ஊற்றினோம். மதுவிலக்குக் காலம், மலையடிவாரத்தில் செக்போஸ்ட், போலீஸ்காரன் வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற ஜீப்பை எல்லாம் மறித்துத் துழாவுவான், ஃபுட்பால் டீம் வருகிறது என்றால் மட்டும் சிரித்துக்கொண்டே கம்பைத் தூக்குவான். பந்துக்குள் இருக்கிற ரப்பர் பை, பிளாடர், அதில் சாராயத்தை நிரப்பி, வாயைச் சணலால் கட்டி, தோலுக்குள் திணித்து லேஸ் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? யோசனை என்னுடையது. என்ன பெருமை எனக்கு அப்போது, ஊரே என் மூளையை மெச்சியது. நாலு பந்து கொண்டுபோவோம், நாலும் கனமாகத் திரும்பி வரும், மலைக்கு மேலே ஆடுவதே அதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. ரப்பர் வாடையோடு அதைக் கோப்பையில் ஊற்றுவோம், ஜெயித்த கப்பிலேயே, கோல் அடித்தவன் முதலில் வாய் வைக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள், அது எங்கள் கிளப்பின் வழக்கம். முதல் தடவை சின்னதுரைக்குப் பத்தொன்பது வயது, பழக்கமில்லை சார் என்று பின்வாங்கினான். நான்தான் கூப்பிட்டேன், வாடா, நீ வாய் வெச்சாத்தான் நாங்க குடிப்போம் என்றேன். காலனிப் பையன். எங்கள் தெரு டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ், கூரையில் செருகி வைத்திருப்பார்கள், அவனே எடுத்துக் கழுவிக் குடித்துவிட்டு அவனே செருக வேண்டும். அப்படிப்பட்டவன் எச்சில் பண்ணிக் கொடுத்த கப்பை ராமசாமி வாங்கிக் குடித்தார், நான் குடித்தேன், பதினைந்து பேர் குடித்தோம். சாதி பார்க்காத கிளப் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், மேடையில்கூடப் பேசியிருக்கிறேன், மறுநாள் காலையில் அதே டீக்கடையில் அவன் கூரையைத் துழாவிக்கொண்டிருந்தபோது பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டதும் நான்தான். அவன் சாராயத்தையா குடித்தான்? கோல் அடித்தால் கப்பு, கப்பு வாங்கினால் முதல் வாய்... ஆட்டத்தில் அடிபட்டு முட்டி போன பிறகு கோல் இல்லை, கப்பு இல்லை, பந்து இல்லை, சாராயம் மட்டும் மிச்சம் இருந்தது. நாங்களும்தான் குடித்தோம், எனக்கு வேலை இருந்தது, பொண்டாட்டி சத்தம் போட்டாள், நிலம் இருந்தது, விட்டுவிட்டேன். எல்லாரும் குடித்தோம், அவன் மட்டும் முழுகினான் என்றால் அவன் தப்பு என்கிறார்கள், இருக்கலாம், அவன் தப்பும் இருக்கலாம்.

அடுத்த மரத்தடியில் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து பையன்கள், கரும்பு வெட்டுகிற கத்தி, கொடி, கிளையின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் கேன். சின்னதுரை நான் சொல்லாமலே கேரியரிலிருந்து குதித்து எனக்குப் பின்னால் ஒதுங்கினான், எங்கூட வா ஒன்னும் ஆவாது என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எந்த ஊரு என்று ஒருவன் கேட்டான், சொன்னேன், என் அப்பா பெயரையும் சொன்னேன், சரி போங்க என்றான். அப்போது மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்தான்.

"டேய், இவரு லெஃப்ட் அவுட்டு சின்னதுரைடா! நான் சின்னப் புள்ளையில பாத்துக்கினே இருப்பேன், இன்னா ஆட்டம் தெரிமா! இன்னாண்ணா, இப்டி எளச்சிப் பூட்டீங்க?"

அண்ணா என்றான். அந்தப் பையனுக்கு இவன் எந்தத் தெரு என்று தெரியும், தெரிந்தும் அண்ணா என்றான், சின்னதுரையின் முகம் எப்படி மலர்ந்தது... கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டான். கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினான், தான் ஒரு வாய் குடித்துவிட்டு அதே டம்ளரை நீட்டினான். "கை நடுங்குது பாரு, புடிங்கண்ணா, ஒரு வாய்ல நின்னுடும்." அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அன்றைக்கு எங்களுக்கும் கிடையாது.

சின்னதுரை வாங்கிக்கொண்டான். சாராய வாசனை எனக்கு வந்தது. தட்டிவிடலாமா, கத்தியோடு நிற்கிற பையன்கள், அவமானம் என்று எடுத்துக்கொள்வார்களா, மணி பத்தரை இருக்கும், இன்னும் ஆறேழு கிலோமீட்டர், ஒரு வாய் குடித்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரா, கண்டுபிடிப்பார்... வேணாம்டா என்றேன். சத்தமே வரவில்லை. வேணாம் சின்னதுரை என்று மறுபடி சொன்னேன். இந்த வார்த்தையை இவனிடம் இதற்கு முன் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "இது கெளப்பு சொல்லுதா சார், நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன். கெளப்பு ஒத்துக்கல. உன்னாண்ட பொய் சொன்னேன்."

"தெரியும் சார். மில்லுல மூட்ட தூக்கறவன் எங்க தெருதான். ஞாயித்துக்கெழமையே வந்து சொல்லிட்டான்."

"அப்பறம் ஏண்டா வந்த?"

"நீங்க கூப்ட்டீங்க." அவன் சிரித்தான், குறை சொல்கிற சிரிப்பு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க கூப்ட்டு நான் என்னிக்கு சார் வராம இருந்தேன்?"

டம்ளரை அந்தப் பையனிடம் திருப்பிக் கொடுத்தான், பாதி கையிலேயே சிந்திவிட்டது, வெள்ளைச் சட்டையில் துடைக்கப் போனவன் நிறுத்திவிட்டு, குனிந்து மண்ணில் தேய்த்துத் துடைத்தான். பையன்கள் இரண்டு பேர் வந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஏறு என்றேன், ஏறிக்கொண்டான், மிதித்தேன். கம்பி மறுபடி ஆடத் தொடங்கியது. சேர்த்துவிடலாம், பன்னிரண்டுக்குள் போய்விடலாம், இன்றைக்கு நான் கூப்பிட்டேன், வந்துவிட்டான்... பதினைந்து நாள் கழித்து வெளியில் வருவான், சாயங்காலம் தெருமுனையில் யாராவது வாடா என்று கூப்பிடுவார்கள், ஆசையாகத்தான் கூப்பிடுவார்கள், அப்போது இவன் யாருக்காக மாட்டேன் என்று சொல்வான்? கூப்பிட்டால் வருவதற்குத்தானே நாங்கள் இவனைப் பழக்கியிருக்கிறோம்.