வழி தவறிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

முப்பது வருடமாக நாகலாபுரத்திலிருந்து மலைக்குள் ஜீப் ஓட்டுகிறேன். பெயர் கங்கையா. யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்டால், சொல்கிறவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டான், வாயில் வந்ததைச் சொல்வான்.

அப்படிப்பட்ட நான் மார்கழிப் பனியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஐந்து மணி நேரம் சுற்றினேன்.

மலைமேல் கரண்டு கம்பி இழுக்க சர்வே பண்ண வந்தவர்கள் அவர்கள். திருப்பதிப் பெண் யமுனா அவர்களுக்கு இன்ஜினியர். மூன்று மாதத்துக்கு என் ஜீப்பைப் பேசியிருந்தார்கள். வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு ஊர் ஜனம் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுகிறது. ஜீப்பைக் கூப்பிட ஆள் கிடையாது. இந்த மூன்று மாத வேலையும் கைவிட்டுப் போனால் ஜீப்பைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும்.

எங்கள் காட்டில் பாதை பிரிகிற இடத்தில் தழைக்குவியல் இருக்கும். சிலை கிடையாது, மணி கிடையாது. போகிறவன் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துப் போட்டு, பத்திரமாகத் திரும்பி வரணும் தாயே என்று கும்பிட்டுப் போவான். எனக்கு அந்தக் குவியல்கள்தான் கணக்கு. முதலாவதில் இடது, இரண்டாவதில் வலது, மூன்றாவதில் நேரே. அன்றைக்கும் எண்ணித்தான் ஓட்டினேன். கிராவல் அள்ளும் டிப்பர்க்காரர்கள் புதுப்பாதை போட்டு, அந்த முனையில் அவர்களும் ஒரு குவியல் ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன். சாமியை எண்ணியதில் பிசகிவிட்டது என்று எந்த இன்ஜினியரிடம் போய்ச் சொல்வது?

யமுனா சத்தம் போடவில்லை. அதுதான் உறைத்தது. "கோவம் இல்ல தாத்தா. சோமவாரம் வரும்போது ஜிபிஎஸ் ஒண்ணு வெச்சிக்கினு வாங்க. இல்லன்னா ஹரிபாபு வண்டிய சொல்லிடுவேன்."

ஹரிபாபுவும் எங்கள் ஊரில் வாடகைக்கு ஓட்டுகிறவன். வண்டி புதிது. ஏசி வேறு.

சனிக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறினேன். என் பெண்டாட்டி சுலோசனாவும் வந்தாள். "நீ தனியா போனா கடக்காரங்கிட்ட சண்ட போட்டுக்கினு வெறுங்கையோட வருவே" என்றாள்.

கடைக்காரர் பெயர் ஹயக்ரீவன். நெற்றியில் பளிச்சென்று திருமண். அப்பா திருமலைக் கோவிலில் கைங்கர்யம். இவர் கீழே கம்ப்யூட்டர் சாமான் விற்கிறார்.

"வாங்கோ பெரியவரே. ரோட்டுக்கா, காட்டுக்கா?"

அப்படிக் கேட்டதால் கொஞ்சம் நம்பினேன். கொஞ்சம்தான்.

"காட்டுக்கு. செல்போனே போதும்னு சொல்றானுங்களே?"

"செல்லுக்கும் வானத்துலேர்ந்து இடம் தெரியும். ஆனா மேப்பு டவர் வழியா வரணும். உங்க மலைக்குள்ள டவர் ஏது?"

"வானத்துல இருக்கறவன் என்னப் பாத்துக்கினே இருப்பானா?"

"அவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது. அவன் பாட்டுக்குச் சொல்லிண்டே இருப்பான். பெட்டி கேட்டுக்கும். அவ்வளவுதான்."

அது எனக்குப் பிடித்தது. நம்மைத் தெரியாதவனுக்கு நம்மை ஏமாற்றுகிற வேலை இல்லை.

இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். ஒன்று பெரிய திரை. ரோடெல்லாம் கலர் கலராய், உள்ளே ஒரு பெண் பேசுகிறாள். இன்னொன்று சோப்புக்கட்டி மாதிரி குட்டை, தடிமன். அதில் மேப்பே கிடையாது. நாம் போகிற வழியில் புள்ளி வைத்துக்கொண்டே வரும். திரும்பி வரும்போது அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

"ரெண்டையும் எடுத்துண்டு போய் நாளைக்கு ஓட்டிப் பாருங்கோ" என்றார்.

"என்னய எப்பிடி நம்பறீங்க?"

"நம்பலையே. ஜீப்போட ஆர்சி புக்கைக் குடுத்துட்டுப் போங்கோ."

சுலோசனா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் இரண்டையும் முடுக்கிவிட்டேன். வானத்தைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் தெரிந்த வழியில் ஓட்டி எதைச் சோதிப்பது? வழி தவறினால்தானே பெட்டியின் யோக்கியதை தெரியும்? எனக்கோ தவறத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை தானாகப் பழைய தடத்துக்குப் போகிறது.

"நீ சொல்லு. நீ சொல்ற பக்கம் திருப்பறேன்" என்றேன் சுலோசனாவிடம்.

"எனக்கு இன்னாய்யா தெரியும்?"

"தெரியாததுக்குத்தான் சொல்லச் சொல்றேன்."

முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம் கையை நீட்ட ஆரம்பித்தாள். மஞ்சள் பூ தெரிந்த பக்கம். குருவி கத்தின பக்கம். காரணமே இல்லாமல் ஒரு பக்கம். மலைமேலிருந்து மேகம் இறங்கி மரங்களின் இடுப்பு வரைக்கும் நின்றது. மரத்தின் தலை மட்டும் மேலே மிதந்தது. ஜீப் சத்தம்கூட யாரோ தூரத்தில் ஓட்டுகிற மாதிரி கேட்டது. பெரிய திரையில் ரோடுகள் ஒவ்வொன்றாய் அறுந்து, கடைசியில் வெறும் வெள்ளை. அதன் நடுவில் ஒரு அம்பு, ஏரியில் விட்ட அகல் மாதிரி. வெளியே பார்த்தாலும் அதே வெள்ளை. எது வெளி, எது திரை என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை.

பெட்டிக்குள் இருந்த பெண் இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"இன்னாவாம் அவளுக்கு?"

"திரும்பிப் போவச் சொல்றா போலக்குது."

"ஊட்ல சமைக்கறதுக்கு அவ வருவாளா? வாயடைய்யா அவள."

அடைத்தேன். அமைதியாக இருந்தது. பாறைமேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த ஒரு இடத்தில் நிறுத்தி, கட்டி வந்த புளிச்சோற்றைத் தின்றோம். இத்தனை வருடத்தில் அந்தப் பாறையை நான் பார்த்ததில்லை. ஜீப்பில் எத்தனையோ ஜனத்தை மலைக்கு ஏற்றியிருக்கிறேன். இவளைச் சும்மா ஏற்றிக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை. அவள் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இது எந்த ஊருய்யா?" என்றாள். தெரியாது என்றேன். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

நன்றாக இருந்தது திரும்புகிற வரைக்கும்தான். பாதை இரண்டாய்ப் பிரிந்தது. வலது என்று எனக்கு நிச்சயம். சோப்புக்கட்டி இடது என்றது.

"அது இடதுன்னுதுய்யா" என்றாள்.

"அதுக்கு இன்னா தெரியும்? நேத்து வந்தது."

வலதில் போனேன். அரைமணி நேரத்தில் பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. கீழே மேகம். பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுலோசனா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். பெட்டி என்னைக் குறை சொல்லவில்லை, நான் தப்பாக வந்த தடத்துக்கும் புள்ளி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. வண்டியைப் பின்னாலேயே எடுத்து, அகலமான இடம் வந்ததும் திருப்பி, பிரிவுக்கு வந்து இடதில் இறங்கினேன். மேகத்துக்குள் புள்ளி புள்ளியாய் வழி வந்தது. வெயில் இருக்கும்போதே தார்ரோட்டைத் தொட்டுவிட்டோம்.

சாயந்திரமே ஹயக்ரீவனிடம் பேசுகிற பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சோப்புக்கட்டிக்கு இரண்டு பென்சில் செல் போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் காரணங்களை அடுக்கினார். என் காரணத்தை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை யமுனா வரும்போது ஹரிபாபு ஏசியைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். அவள் என் பெட்டியை வாங்கி, காகிதத்தைப் பார்த்து அன்றைக்குப் போகிற இடத்தின் எண்களைத் தட்டினாள். அம்பு நேராக மலைமுகட்டைக் காட்டியது. நடுவில் ஜீப் இறங்க முடியாத பள்ளம்.

"அங்கதான் தாத்தா போகணும். வழி தெரியும்தானே?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தெரியாதும்மா. பள்ளத்தச் சுத்திக்கினுதான் போவணும். தப்பாப் பூட்டா இது சொல்லாது. ஆனா வந்த தடத்துக்குத் திரும்பிக்கலாம்."

யமுனா பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் ஹரிபாபுவைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஜீப்பில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.