கடலில் கிடந்த நூறு கிலோ

கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸுக்கு மீன் விற்கப் போய் வந்ததிலிருந்துதான் சம்பூர்ணத்துக்கு இந்த ஆசை. அங்கே பெண்கள், மாதம் பிறந்தால் சம்பளம் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவள் புருஷன் நீலமேகமோ, இறால் விலை விழுந்தால் ஈடுகட்ட எவ்வளவு கொந்தளிக்கிற கடலிலும் கட்டுமரத்தைத் தள்ளிவிடுவான். எழுபத்து மூன்றாம் வருஷம் மரம் கவிழ்ந்து, பிழைத்ததே பெரிய விஷயம்.

அதனால்தான் மறு வருஷம் செங்கல்பட்டு வியாபாரி பக்தவச்சலம் அவர்கள் ஊரான கொக்கிலமேட்டுக்கு வந்து, இனிமேல் பிடிக்கப்போகும் இறாலுக்கு இப்போதே விலை பேசலாம் என்றதும் தலையாட்டினாள். கார்த்திகை முடிவதற்குள் நூறு கிலோ. வெளியே என்ன விலை விற்றாலும் கிலோ பத்து ரூபாய். அந்தக் கரையில் விலை பேசுவது பெண்கள்தான். ஆனால் கரைக்கு வராத மீனுக்கு யாரும் பேசியதில்லை.

"கடலம்மா கையில கீறதுக்கு நீ இன்னாமே எட போடறே?" என்று நீலமேகம் முறைத்தான்.

ஐப்பசியில் விலை ஆறு ரூபாய்க்கு விழுந்தது. ஊரே புலம்பியபோது சம்பூர்ணம் பத்து வாங்கினாள். கூடுதலாக வந்ததை முந்தானையில் முடிந்து வைத்தாள். கடல் சரியில்லாத நாட்களில் நீலமேகம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருந்தான். வாய்விட்டுப் பாராட்டினால் கிரீடம் இறங்கிவிடுமே, அதனால் பேசாமல் சிரித்துக்கொண்டான்.

பாவம், விலையோடு எடையையும் சேர்த்துக் கட்டிப்போட்டது அவளுக்கு உறைக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் புயல் சின்னம். கட்டுமரங்கள் கரையேறின, விலை இருபதுக்கு ஏறியது. அவள் இன்னும் இருபது கிலோ தரவேண்டும். நீலமேகம் துடுப்பை எடுத்தான்.

"எங்க கெளம்பிட்டே?"

"வாக்கு குட்த்தது நீதானே? நாளைக்கு லாரி வந்துடும்."

அவனைக் கரையில் நிறுத்தப் பேசிய பேச்சே இப்போது கடலுக்குத் தள்ளுகிறது. வாசலை மறித்து நின்றாள்.

"எறாதானே வேணும்? யாரு புடிச்சதுன்னு அந்தாளு கேக்கமாட்டான். நான் கொண்டாறேன், நீ குந்து."

மறுநாள் காலை ஒரே ஒரு மரம் கரை சேர்ந்தது, காசிநாதனுடையது. அவன் மனைவி எல்லம்மாள் கூடையை ஏலத்துக்கு வைத்தாள். சம்பூர்ணம் முடிச்சை அவிழ்த்து, கிலோ இருபதுக்குக் கேட்டாள்.

"விக்கறவ வாங்க வந்துகீறா" என்று கரையே சிரித்தது. பத்துக்குக் கொடுக்க இருபதுக்கு வாங்குகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இருநூறு ரூபாய் நஷ்டம். புருஷன் இதைவிட மலிவாகக் கிடைக்கமாட்டான் என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

எல்லம்மாள் பணத்தை எண்ணாமலே வாங்கி முடிந்துகொண்டாள்.

"வெல ஏறிச்சின்னு போய்ட்டாரு யக்கா. விடியறவரைக்கும் இங்கியேதான் குந்திகினு இருந்தேன். உன் வூட்டுக்காரரு?"

"வூட்ல கீறாரு." சொல்லும்போதே சம்பூர்ணத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "அடுத்த வருசம் உனக்கும் சேத்து வெல பேசறேண்டி."

"பேசு யக்கா. அப்போ இந்தக் கடைசிக் கூடைக்கு யாரு வூட்டுக்காரரு போவாரு?"

சம்பூர்ணம் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். லாரி வந்து நின்றது.